வகுப்பா, ரேஞ்சா? பிட்மன்-ராபர்ட்சன் பணத்தை எங்கே போடுவது

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநில வனவிலங்குத் துறைக்கும் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று வரும் மத்திய அரசுப் பணத்தை வகுப்புகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் செலவிடுவதா, பொதுமக்கள் சுடப் பழகும் ரேஞ்சுகளுக்குப் போடுவதா? 2019க்கு முன் பெரும்பாலான துறைகள் யோசிக்காமல் வகுப்புப் பக்கமே சாய்ந்தன. ரேஞ்ச் கட்டினால் செலவில் கால் பங்கை மாநிலம் போட வேண்டியிருந்தது. அந்தக் கால் பங்கைத் திரட்டுவதே பெரும்பாடு. 2019 மே மாதம் கையெழுத்தான சட்டம் அந்தக் கால் பங்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதன் பிறகு 'ரேஞ்ச்தான் லாபம்' என்ற பேச்சு பரவிவிட்டது. அது பாதிதான் சரி. கட்டும் செலவு மட்டுமே மலிவானது. நடத்தும் செலவில் ஒரு காசும் குறையவில்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் வேட்டை முடிந்துபோன சங்கதி. அதனால் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

பணம் வரும் வழி

பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937 செப்டம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது. நெவாடா செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சன் இருவர் பெயராலும் வழங்குகிறது. நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிகளுக்கு 10 சதவீதம், வில்களுக்கு 11 சதவீதம் கலால் வரி. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் கட்டுகிறார்கள். விலையில் ஏறி வாங்குபவர் தலையில் விழுகிறது. கைத்துப்பாக்கி வரி 1970இல் இந்த நிதிக்கு வந்தது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் ரேஞ்சுகளுக்கும் இந்த நிதியில் இடம் கிடைத்ததும் அப்போதுதான். வில்-அம்பு 1972இல் சேர்ந்தது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மொத்தத் தொகை அண்மையில் சில ஆண்டுகளில் 100 கோடி டாலரைத் தாண்டியது.

நம் கேள்விக்கு உரியவை மூன்று பைகள்.

முதலாவது 4(சி) பிரிவு. கைத்துப்பாக்கி வரியிலும் வில்-அம்பு வரியிலும் பாதி இதில் விழும். மக்கள்தொகைப்படி பங்கு, எந்த மாநிலத்துக்கும் 1 சதவீதத்துக்குக் குறையாது, 3 சதவீதத்தைத் தாண்டாது. வகுப்பு, பயிற்றுநர், ரேஞ்ச் கட்டுவது, ரேஞ்ச் நடத்துவது எல்லாவற்றுக்கும் இதுவே முதன்மைப் பை. இங்கே செலவழிக்காததை வனவிலங்கு வேலைக்குத் திருப்பவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே வகுப்புக்கும் ரேஞ்சுக்கும் நடுவே வாழிடப் பிரிவுக்காரர்களும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாவது 10ஆம் பிரிவு. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 80 லட்சம் டாலர்தான். 1 சதவீத மாநிலத்துக்குச் சுமார் 80,000 டாலர். 3 சதவீத மாநிலத்துக்குச் சுமார் 2,40,000. சிறிய பை, ஆனால் கெடு கடுமையானது: ரேஞ்ச் வேலையைத் தவிர மற்றவற்றுக்கு அந்த நிதியாண்டுக்குள் ஒப்பந்தமாக வேண்டும். தவறினால் பணம் 4(சி)யை முழுதும் பயன்படுத்திய மாநிலங்களுக்குப் போய்விடும். நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 நெருங்கும்போது இந்தப் பையை நினைத்துப் பதறுவது பல அலுவலகங்களில் வழக்கம். அதைத் தவிர்க்க ஒரே வழி, ஆண்டுத் தொடக்கத்திலேயே இதற்கென்று ஒரு சிறு வேலையை ஒதுக்கி வைப்பது. பயிற்சித் துப்பாக்கிகள் வாங்குவது, பழைய ரேஞ்சில் பாதுகாப்பு வசதியைப் புதுப்பிப்பது போன்றவை இதற்குப் பொருந்தும்.

மூன்றாவது 4(பி), அதாவது வனவிலங்கு மீட்புப் பணம். இதுவே பெரிய பை. பாதி நிலப்பரப்பின்படி, பாதி பணம் கட்டி வேட்டை லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கைப்படி. உச்சவரம்பு 5 சதவீதம். அலாஸ்காவும் டெக்சாஸும் அதைத் தொடுபவை. 2019 சட்டத்தின்படி, இதில் 10 சதவீதம் வரை எடுத்துப் பொது ரேஞ்சுக்கு நிலம் வாங்கவும், கட்டவும், விரிவாக்கவும் பயன்படுத்தலாம்.

90:10 என்றால் என்ன, என்ன இல்லை

வழக்கமான மத்திய-மாநிலப் பங்கீடு 75:25. பொது ரேஞ்சுக்கு நிலம், கட்டுமானம், விரிவாக்கம் என்ற மூன்றுக்கு மட்டும் 90:10. அந்தப் பணத்தைப் பயன்படுத்த ஐந்து நிதியாண்டுகள் அவகாசமும் உண்டு. ரேஞ்ச் அதிகாரியின் சம்பளம், மின்கட்டணம், இலக்குச் சட்டங்களை மாற்றுவது, தோட்டாவைத் தடுக்கும் மண்திட்டைச் சீர்செய்வது எல்லாம் நடத்தும் செலவு. அவை 75:25இல்தான் போகும்.

முதலில் கணக்கில் அடிக்கடி நிகழும் ஒரு பிழை. மாநிலப் பங்கு 25 சதவீதம் என்பது மொத்தச் செலவில் 25. மத்தியத் தொகையில் 25 அல்ல. 7,50,000 டாலர் மத்தியப் பணம் வேண்டுமானால் 2,50,000 போட வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 7,50,000இன் கால் பங்கு என்று 1,87,500 போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். 90:10இல் மத்தியத் தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு.

இப்போது பெரிய கணக்கு. 10 லட்சம் டாலரில் ஒரு ரேஞ்ச். 75:25 என்றால் மாநிலம் 2,50,000 போட வேண்டும். 90:10 என்றால் ஒரு லட்சம் போதும். ஒன்றரை லட்சம் மிச்சம். கட்டியாகிவிட்டது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஒரே நேரத்தில் இரண்டு ரேஞ்ச் அதிகாரிகள் என்றால் வாரம் 80 மணி, ஆண்டுக்கு 4,160 மணி. சம்பளமும் சலுகைகளும் சேர்த்து மணிக்கு 30 டாலர் என்று வைத்தாலும் 1,24,800 டாலர். அதில் மாநிலப் பங்கு 31,200. விடுப்புக்கு மாற்றாள், காப்பீடு, பராமரிப்பு எதையும் சேர்க்கவில்லை. நான்காம் ஆண்டு முடிவதற்குள் நடத்தும் செலவின் மாநிலப் பங்கு கட்டுமானப் பங்கை மிஞ்சிவிடும். ஐந்தாம் ஆண்டுக்குள் 90:10இல் மிச்சம்பிடித்த ஒன்றரை லட்சமும் கரைந்துபோகும்.

அதைவிட முக்கியம், மீதி 93,600 எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது. 4(சி)யிலிருந்து. வகுப்புகளுக்கு இதுவரை போன பணம் அதே. ரேஞ்ச் திறந்த இரண்டாம் ஆண்டில் வகுப்புகளுக்கான கையேடு அச்சிடப் பணம் இல்லை என்ற நிலை வருவது இதனால்தான்.

வகுப்புகள்: மலிவு, ஆனால் காகிதம் கேட்கும்

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முதலில் கட்டாயமாக்கியது நியூயார்க், 1949இல். இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம். நடத்துபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் தரும் நேரத்துக்குப் பண மதிப்புப் போட்டு மாநிலப் பங்காகக் காட்டலாம். இந்தத் திட்டத்தின் அச்சாணியே அதுதான்.

பத்து மணி நேர வகுப்பு, மூன்று பயிற்றுநர்கள், ஆளுக்கு இரண்டு மணி தயாரிப்பு: மொத்தம் 36 மணி. மணிக்கு 30 டாலர் மதிப்பு என்றால் 1,080 டாலர் பங்கு. அதை வைத்து 3,240 டாலர் ரொக்கச் செலவை மத்தியப் பணத்திலேயே முடிக்கலாம். மாநிலக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் வேண்டாம். ஆனால் இது செலவுத் திருப்பீடு. உண்மையில் 2,000 டாலர்தான் செலவானது என்றால் 2,000தான் கிடைக்கும். தன்னார்வ நேரம் தானாகப் பணமாக மாறாது.

தணிக்கையில் இந்த நேரம் தள்ளுபடியாவதற்குக் காரணங்கள் எப்போதும் ஒன்றே. தேதியும் தொடங்கிய, முடிந்த நேரமும் இல்லாமல் '10 மணி' என்று மொத்தமாக எழுதியிருப்பார்கள். பயிற்றுநர் கையெழுத்து இருக்காது, அல்லது மாதங்கள் கழித்து ஒரே பேனாவில் எல்லாம் போட்டிருக்கும். மணி மதிப்புக்கு அடிப்படை இருக்காது. அதே வேலைக்குத் துறை தன் ஊழியருக்குத் தரும் சம்பளத்தோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தை இரண்டு மானியங்களில் காட்டியிருப்பார்கள். வேறு மத்திய மானியத்தில் சம்பளம் வாங்கும் ஆளின் நேரத்தைக் காட்டியிருப்பார்கள். வகுப்பு முடிந்த அன்றே, மாணவர் வருகைத்தாளோடு சேர்த்து நேரத்தாளையும் கையெழுத்து வாங்கி அனுப்பும் பழக்கம் இருந்தால் இவற்றில் பாதி எழாது.

ஆன்லைன் வகுப்பை இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் முழுப் பாடத்தையும் ஆன்லைனில் முடிக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. டெக்சாஸில் 17 வயது நிறைந்தவர்களுக்கு அது போதும். சிறுவர்களுக்கு நேரடிப் பகுதியும் உண்டு. பாடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் கட்டணத்தை மாணவரிடமே வாங்கிக்கொள்கிறது, துறைக்குச் செலவில்லை. மாணவருக்கு வசதி, நிர்வாகத்துக்கு நிம்மதி. ஆனால் நேரடி வகுப்பு குறையக் குறையத் தன்னார்வ நேரமும் குறைகிறது. அதோடு மாநிலப் பங்கும் வற்றுகிறது. ரேஞ்ச் நடத்தும் செலவுக்குத் தன்னார்வ நேரத்தை நம்பியிருந்த துறைக்கு இது இரட்டை அடி. கற்பித்தலிலும் ஒரு குறை உண்டு. 'குழாய்முனை எப்போதும் பாதுகாப்பான திசையில்' என்ற விதியைத் திரையில் சரியாக டிக் செய்யும் ஆள், கையில் துப்பாக்கியோடு வேலியைத் தாண்டும்போது முனையைப் பக்கத்து ஆளின் காலை நோக்கித் திருப்புவார். அதை நேரில் நின்று திருத்த ஒருவர் வேண்டும். ஆன்லைனும் அரை நாள் களப் பயிற்சியும் சேர்ந்த வடிவமே எங்கள் தேர்வு. நேரம் மிச்சம், பங்கும் முழுதாகப் போய்விடாது.

பள்ளியில் வில்வித்தையோ வேட்டைப் பயிற்சியோ நடத்துபவர்கள் இரண்டு மத்தியப் பைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை வைத்துக் கல்வித் துறை தன் பணத்தை இவ்வகை வகுப்புகளுக்குத் தர முடியாது என்று சொன்னதும், 2023 அக்டோபரில் கையெழுத்தான சட்டம் அதைத் திருத்தியதும் கல்வித் துறைப் பணம் சார்ந்தவை. பிட்மன்-ராபர்ட்சன் பை வேறு.

புதிய ரேஞ்ச்

கைத்துப்பாக்கி வரி கட்டுபவர்களில் பலர் வேட்டைக்கே போகாதவர்கள், நகரவாசிகள். அவர்களுக்கு அந்தப் பணத்தில் திரும்பக் கிடைக்கக்கூடியது சுடுவதற்குப் பாதுகாப்பான ஓர் இடம்தான். ரேஞ்சுக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இது. அரிசோனா வனவிலங்குத் துறை ஃபீனிக்ஸ் நகரோரத்தில் நடத்தும் பென் எவரி ரேஞ்ச் போல, ஊருக்கு அருகில் பெரிய இடம் கைவசம் இருந்தால் புதிய ரேஞ்ச் நன்றாக ஓடும். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

இடத்தேர்வில் முதலில் பார்ப்பது இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. .22 தோட்டா ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. மான் வேட்டைக்குப் பயன்படும் பெரிய ரைஃபிள் தோட்டா அதைப்போல இரு மடங்கு போகும். அவ்வளவு காலி நிலம் இல்லாவிட்டால் மேலே தடுப்புப் பலகைகள் வேண்டும், செலவு ஏறும். ஷாட்கன் களத்துக்கு 300 கெஜம் விழுபரப்பு வைப்பது வழக்கம். சுடுபவர் வடக்கு நோக்கி நிற்கும்படி அமைத்தால் காலையிலும் மாலையிலும் கண்ணில் வெயில் அடிக்காது. பின்திட்டு 20 அடி உயரம் என்பது பொதுவான அளவு. அதன் முகப்பில் கல் இருக்கக் கூடாது. இருந்தால் தோட்டா தெறித்துத் திரும்பும். ஒரே இலக்கை ஆண்டுக்கணக்கில் சுட்டால் அதன் பின்னே குழி விழுந்து ஈயம் ஒரே இடத்தில் சேரும். பிறகு வரும் தோட்டா அந்த ஈயத்தில் பட்டுத் தெறிக்கும். அவ்வப்போது குழியைச் சலித்து, புது மண் போட்டு மூட வேண்டும்.

ஈயத்தை அலட்சியம் செய்த ரேஞ்சின் கதை கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிறது. லாங் ஐலண்ட் கடற்கழியை நோக்கிப் பல ஆண்டுகள் சுட்ட லார்ட்ஷிப் கன் கிளப் வழக்கில், தண்ணீரில் குவிந்து கிடக்கும் ஈயக் குண்டும் களிமண் இலக்குத் துண்டுகளும் திடக்கழிவுதான் என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதுப்புநிலம், ஓடை இவற்றின் பக்கம் ஷாட்கன் விழுபரப்பை வைக்கவே கூடாது. மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) குறையக் குறைய, அதாவது மண் அமிலமாக ஆக ஆக, ஈயம் எளிதில் கரையும். 6.5 முதல் 8.5 வரை வைத்திருக்கச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கையேடு. 1,000 சதுர அடிக்கு மணல் நிலத்தில் 50 பவுண்டு, களிநிலத்தில் 100 பவுண்டு சுண்ணாம்பு தூவினால் பிஎச் சுமார் ஒரு அளவு ஏறும். ஒன்று முதல் நான்கு ஆண்டு வரை தாங்கும். திட்டில் புல் வளர்த்தால் மழைநீர் ஈயத்தூளை அடித்துச் செல்லாது. இந்தச் சுண்ணாம்பும் புல்லும் நடத்தும் செலவுக் கணக்கில் வர வேண்டியவை என்பதைப் பலர் மறக்கிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கட்டுமானம் அல்ல. அதற்கு முன்வரும் ஆய்வுகள். சுற்றுச்சூழல் மதிப்பீடு, அருகிவரும் உயிரினங்கள், தொல்லியல்-வரலாற்றுச் சின்னங்கள் மூன்றும் முடிந்து மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் புல்டோசரை இறக்கினால், அனுமதியில்லாத செலவு என்று அந்தத் தொகை தள்ளுபடியாகும். சில நேரம் இடமே தகுதி இழக்கும். ஐந்தாண்டு அவகாசம் நீண்டதாகத் தெரியும். நிலப் பேச்சு, பக்கத்து வீட்டாரின் சத்தப் புகார், ஆய்வுகள் என்று பாதி அதில் போய்விடும்.

உள்ளரங்கு ரேஞ்சுக்குச் சத்தப் பிரச்சினை குறைவு. பதிலுக்குக் காற்றோட்டம். சுடும் வரிசையில் நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில் காற்று இலக்கை நோக்கி ஓட வேண்டும், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த விசிறிகளின் மின்கட்டணமும் வடிகட்டிகளும் சின்ன மாநிலத்தின் 10ஆம் பிரிவுப் பணத்தை விழுங்கிவிடக்கூடியவை. நகர நடுவில் வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் யோசிக்கலாம்.

இருக்கும் ரேஞ்சை எடுத்து விரிப்பது

எங்கள் கணிப்பில் பெரும்பாலான மாநிலங்களுக்கு இதுவே முதல் தேர்வு. ஏற்கெனவே ரேஞ்சாக இருக்கும் நிலத்தில் சத்தப் புகாரும் ஆய்வும் குறைவு. விரிவாக்கத்துக்கும் 90:10 பொருந்தும். மண்திட்டை உயர்த்துவது, சுடும் மேடைக்குக் கூரை, மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை, வில்வித்தைக்குத் தனிக் களம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். வெறும் பழுதுபார்ப்பு எது, விரிவாக்கம் எது என்பதை விண்ணப்பத்திலேயே தனித்தனியாகக் காட்ட வேண்டும்; கலந்து எழுதினால் முழுவதும் 75:25க்கு இறங்கும் ஆபத்து உண்டு.

தனியார் கிளப்பின் ரேஞ்சுக்குப் பணம் தருவது இன்னொரு வழி. கிளப் நிலமும் ஆளும் தரும். துறை கட்டுமானப் பணம் தரும். தகராறு எழுவது இரண்டு இடங்களில். 'பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால், கிளப் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் திறந்துவைத்து வார இறுதி முழுவதையும் உறுப்பினர்களுக்கு வைத்துக்கொள்ளும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை தடம், என்ன கட்டணம் என்று எண்ணில் எழுத வேண்டும். அடுத்தது காலம். கூரையின் பயன்காலம் 20 ஆண்டு என்றால் நிலக் குத்தகையும் 20 ஆண்டுக்குக் குறையக் கூடாது. குத்தகை பத்தாம் ஆண்டில் முடிந்து நிலம் வீட்டுமனையானால், மத்திய அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியது துறையே.

ஆள் வைப்பதா, விட்டுவிடுவதா

மிசூரி இரண்டையும் நடத்துகிறது: ஆகஸ்ட் ஏ. புஷ், ஜே ஹென்ஜஸ், ஆண்டி டால்டன் போன்ற ஊழியர் உள்ள ரேஞ்சுகள் சில, ஆளில்லாதவை பல. அந்த மாநிலத்துக்கு எட்டில் ஒரு சதவீத விற்பனை வரி இயற்கைப் பாதுகாப்புக்கென்று தனியாக வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பென்சில்வேனியா வேறு வழி: ஆளில்லாத ரேஞ்சுகளுக்கு வேட்டை லைசென்ஸ் அல்லது ரேஞ்ச் அனுமதிச்சீட்டு கையில் இருக்க வேண்டும். ஆளில்லாத ரேஞ்சின் செலவு குறைவு. ஆனால் பழைய டிவியையும் பாட்டிலையும் இலக்காக வைத்துச் சுடுவார்கள், இலக்குச் சட்டத்தின் மரக்கால்களைத் துண்டாக்குவார்கள், உடைந்ததை யாரும் அள்ள மாட்டார்கள். வாரம் ஒரு முறையாவது துப்புரவு ஆள் போக வேண்டும். புதிதாகக் கற்பவரும் குழந்தைகளும் வரும் இடத்தில் ஆளில்லாமல் விடக் கூடாது. ஊருக்குத் தொலைவில், வேட்டைப் பருவத்துக்கு முன் ரைஃபிளின் குறியைச் சரிபார்க்க வருபவர்களுக்கான சிறிய களத்துக்கு ஆளில்லாமலே போதும்.

கட்டணம் வாங்கினால் அது திட்ட வருமானம். அதை மொத்தச் செலவிலிருந்து கழிப்பதா, திட்டத்தோடு சேர்த்துக்கொள்வதா என்று மானிய ஒப்பந்தத்திலேயே முடிவாக வேண்டும். ரேஞ்ச் நடத்த வேண்டுமானால் சேர்க்கும் முறையைக் கேட்டு வாங்குவதே லாபம்.

யாருக்கு எது

4(சி)யில் 1 சதவீதம் பெறும் சின்ன மாநிலம், தன்னார்வப் பயிற்றுநர் பட்டாளம் நன்றாக உள்ளது: வகுப்புகளை 4(சி)யில் வைத்து, இருக்கும் ரேஞ்சில் ஒன்றைத் தேர்ந்து 4(பி)யின் 10 சதவீதத்தில் விரிவாக்கலாம். வகுப்புகளின் களப் பயிற்சியை அந்த ரேஞ்சிலேயே நடத்தி, இரண்டையும் ஒரே மானியத்தில் எழுதினால், பயிற்றுநர் நேரத்தின் மிச்சப் பங்கு நடத்தும் செலவுக்கும் உதவும். இதை விண்ணப்பத்துக்கு முன்பே இந்த மானியத்தை நிர்வகிக்கும் மத்திய மீன்-வனவிலங்குச் சேவையின் மண்டல அலுவலகத்தோடு பேசி முடிக்க வேண்டும். ஆண்டு முடிவில் கேட்டால் மறுப்பார்கள்.

3 சதவீதம் பெறும் பெரிய மாநிலம், நகரங்களில் சுட இடமில்லை, வேட்டைக்காரர் எண்ணிக்கை சரிகிறது: புதிய ரேஞ்ச் நியாயம். ஆனால் முதல் ஐந்தாண்டுக்கான நடத்தும் செலவையும் அது எந்தப் பையிலிருந்து வரும் என்பதையும் கட்டுமான விண்ணப்பத்தோடு ஒரே நாளில் துறைத் தலைவர் மேசையில் வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வரும் ரேஞ்ச் திட்டத்தைத் திருப்பி அனுப்பலாம்.

வகுப்புகள் பெரும்பாலும் ஆன்லைனுக்குப் போய்விட்ட, தன்னார்வலர்கள் கலைந்துபோன மாநிலம்: எதையும் கட்டக் கூடாது. இரண்டு ஆண்டு, 10ஆம் பிரிவுப் பணத்தில் பயிற்றுநர்களைத் திரும்பச் சேர்த்து, களப் பயிற்சி நாட்களை மீட்டு, நேரத்தாள்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகு ரேஞ்ச் பற்றிப் பேசலாம்.